வலது கட்டைவிரலுக்கு இரண்டு வேலை

கேள்வி: சின்ன வயதில் மரியோ, கான்ட்ரா எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவேன். இருபது வருடம் கழித்து இப்போது ஒரு புது ஆக்‌ஷன் கேம் வாங்கினேன். ஹீரோ சுவரில் முட்டுகிறான், கேமரா வானத்தைப் பார்க்கிறது, எதிரி எங்கே என்று தேடுவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. எனக்கு வயதாகிவிட்டதா?

பதில்: வயதை விடுங்கள். உங்கள் இடது கை அன்று செய்த வேலையைத்தான் இன்றும் செய்கிறது. சிக்கல் முழுவதும் வலது கட்டைவிரலில் இருக்கிறது.

1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸை நினைத்துப் பாருங்கள். வலது கட்டைவிரல் நுனி பி பட்டனை அழுத்தியபடி இருக்கும், மரியோ ஓடுவார். விரலை எடுக்காமல் அதன் கணுப் பக்கத்தைக் கொஞ்சம் சாய்த்தால் ஏ பட்டன் அழுந்தும், மரியோ தாவுவார். எங்கே பார்ப்பது என்ற கவலையே கிடையாது. திரை தானாக நகரும்.

1996-ல் சூப்பர் மரியோ 64 வந்ததும் அந்த நிம்மதி போனது. முப்பரிமாண உலகத்தில் பார்வையையும் ஆடுபவரே திருப்பிக்கொள்ள வேண்டும். மக்களுக்கு இது எவ்வளவு புதிது என்றால், மேகத்தில் மிதந்தபடி கேமராவைப் பிடித்துக்கொண்டு வரும் லகிட்டு என்ற பாத்திரத்தை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காட்டி, படம்பிடிப்பவர் இவர்தான் என்று புரியவைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. அடுத்த ஆண்டே சோனியின் கன்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் சிறு குச்சிகள், அதாவது ஸ்டிக்குகள், இரண்டு வந்தன. 2000-ல் ஏலியன் ரெசரக்‌ஷன் என்ற ஆட்டம் இடது ஸ்டிக்கில் நடை, வலது ஸ்டிக்கில் பார்வை என்று வைத்தபோது, தினமும் கேம் ஆடுவதே தொழிலாக இருந்த ஒரு விமர்சகரே இந்த முறையைக் குறை சொன்னார். மறு ஆண்டு ஹேலோ என்ற ஆட்டம் அதே முறையை எல்லோருக்கும் பழக்கிவிட்டது. நீங்கள் தவறவிட்டது இந்தப் பழக்கத்தைத்தான்.

சரி, ஏன் சாகிறீர்கள்? கேமராவைத் திருப்பும் வலது ஸ்டிக்கும், தாவ, உருள என்று வலப்பக்கம் இருக்கும் நான்கு பட்டன்களும் ஒரே கட்டைவிரலின் பொறுப்பில் இருக்கின்றன. தாவவோ உருளவோ நினைத்தால் ஸ்டிக்கை விட்டாக வேண்டும். விட்ட அந்த அரை நொடியில் கேமரா அநாதையாக நிற்கும். எதிரி திரைக்கு வெளியே போய்விடுவான். வடிவமைப்பாளர்களும் இதோடு ரொம்ப நாள் மல்லுக்கட்டினார்கள். 1998-ல் ஒகரினா ஆஃப் டைம் ஸெல்டா ஆட்டம், ஒரு பட்டனைத் தட்டினால் பார்வை எதிரி மேலேயே நிற்கும் லாக்-ஆன் முறையைக் கொண்டுவந்தது. 2011-ன் டார்க் சோல்ஸ் தாக்கும் பட்டன்களை மேல்விளிம்பில் இருக்கும் ஆர்1, ஆர்2-வில், அதாவது ஆள்காட்டி விரலுக்கு வைத்தது. அடிக்கும்போதும் கட்டைவிரல் ஸ்டிக்கிலேயே இருக்கலாம்.

நீங்களும் அதையே செய்யுங்கள்: கட்டைவிரலின் சுமையைக் குறையுங்கள். உங்கள் ஆட்டத்தில் லாக்-ஆன் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வலது ஸ்டிக்கையே உள்ளே அழுத்தினால் வரும். ஒற்றை எதிரிக்கு அருமையான துணை. கூட்டமாகச் சூழ்ந்தால் மட்டும் விட்டுவிடுங்கள். ஒருவனையே பார்த்துக்கொண்டிருந்தால் மற்றவன் முதுகில் அடிப்பான். அப்புறம், உருளும் பட்டனை எல்1 போன்ற மேல்விளிம்புப் பட்டன் எதற்காவது மாற்றுங்கள். ஆட்டத்தில் அந்த வசதி இல்லாவிட்டாலும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், சுவிட்ச் மூன்றிலும் கருவியின் செட்டிங்ஸிலேயே பட்டன்களை மாற்றலாம். என்னைக் கேட்டால், இந்த ஒரு மாற்றமே பாதி உயிரைக் காப்பாற்றும்.

கேமரா சென்சிட்டிவிட்டியை, அதாவது கேமரா திரும்பும் வேகத்தை, கொஞ்சம் குறையுங்கள். ரொம்பக் குறைத்தால் பின்னால் வருபவனைத் திரும்பிப் பார்க்க நேரம் பிடிக்கும். மேலே தள்ளினால் கீழே பார்ப்பதுதான் உங்களுக்கு இயல்பாகத் தோன்றுகிறதா? இன்வெர்ட் போட்டுக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. தொடாமலே கேமரா நகர்ந்தால் அது ஸ்டிக் தேய்மானம்; ஸ்டிக்கின் சிறு அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் டெட் ஸோன் அளவைக் கூட்டிப் பாருங்கள்.

இனி பயிற்சி. எதிரி இல்லாத இடத்தில் ஒரு தூணையோ மரத்தையோ கண்டுபிடியுங்கள். அது திரையின் நடுவை விட்டு விலகாதபடி அதைச் சுற்றி நடங்கள். இடது ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினால் தூண் வலப்பக்கம் நழுவும். வலது ஸ்டிக்கை மெதுவாக வலப்பக்கம் தள்ளி அதை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். முதலில் தூண் ஊஞ்சலாடும். பத்து நிமிடம் ஆனதும் திசையை மாற்றிச் சுற்றுங்கள். இரண்டு கையும் எதிரெதிரே தள்ளுகின்றன என்பதை நீங்கள் கவனிக்காத அளவுக்குப் பழகியதும் சண்டைக்குப் போங்கள், முதலில் தனியாக நிற்கும் ஒருவனிடம்.