மதுரை வெயிலும் கருவேல முள்ளும்: குழந்தையோடு ஓட எந்த ஸ்ட்ரோலர்?

கேள்வி: மதுரை கே.கே. நகரில் வசிக்கிறேன். கல்லூரி நாட்களிலிருந்தே ஓடுகிறவள். மகளுக்கு இப்போது 9 மாதம்; சுகப்பிரசவம். கணவர் விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவதால், குழந்தையை உடன் வைத்துக்கொண்டுதான் நான் ஓட முடியும். வீட்டில் சாதாரணத் தள்ளுவண்டி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன், தன் மகனுக்காக 2013-இல் வாங்கிய ‘பாப்’ ஜாகிங் ஸ்ட்ரோலரை (குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடுவதற்கான வண்டி) அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது கொண்டுவருகிறேன் என்கிறார். அதை வாங்கிக்கொள்ளலாமா, புதிதாகவே வாங்குவதா? அதுவரை இருக்கிற வண்டியை வைத்து மெதுவாக ஓடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இருக்கிற வண்டியோடு ஓடக் கூடாது. மெதுவாகவும் கூடாது.

சாதாரணத் தள்ளுவண்டியின் முன்சக்கரங்கள் எந்தப் பக்கமும் சுழலும்படி அமைந்தவை. கடைத்தெருவில் வளைத்துத் திருப்ப அது வசதி. ஓட்ட வேகம் வந்ததும், சூப்பர் மார்க்கெட் கூடைவண்டியின் சக்கரம்போல இடமும் வலமும் படபடவென்று அடித்துக்கொள்ளத் தொடங்கும். அந்த நேரத்தில் ஒரு சரளைக்கல்லோ சாக்கடை மூடியின் விளிம்போ குறுக்கிட்டால் சக்கரம் திரும்பி நின்றுவிடும். வண்டி நின்றாலும் உங்கள் உடல் உடனே நிற்காது. கைப்பிடியின்மேல் நீங்கள் சாய, வண்டி குழந்தையோடு முன்பக்கம் கவிழும். சக்கரம் சிறிதாகவும் கெட்டியாகவும் இருப்பதால் சாலையின் ஒவ்வொரு அதிர்வும் நேராகக் குழந்தையின் முதுகுக்கும் கழுத்துக்கும் போகிறது என்பது இன்னொரு கேடு. ஐரோப்பாவில் விற்கும் சாதாரண வண்டிகளின் கையேட்டில் ‘ஓடுவதற்கோ சறுக்குவதற்கோ ஏற்றதல்ல’ என்ற எச்சரிக்கை இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டைத் தேடி எடுத்துப் பாருங்கள்; அதிலும் அநேகமாக இருக்கும். அண்ணன் வரும்வரை அந்த வண்டியை வைத்து வேகமாக நடங்கள், போதும்.

இனி அண்ணனுடைய வண்டி. ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட நல்ல வகை அது. ஆனாலும் 2013 என்ற ஆண்டைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்தது. அந்தக் காலத்து பாப் வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்தைக் கருவி எதுவும் இல்லாமல் கழற்றி மாட்ட ஒரு நெம்புகோல் இருந்தது. அதைச் சரியாக இறுக்காவிட்டாலும் இறுக்கியதுபோலத் தோன்றும். ஓடும்போது சக்கரம் கழன்றதாக ஏறத்தாழ 200 புகார்கள் வந்ததையடுத்து, அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2018 பிப்ரவரியில், பாப் வண்டிகளை விற்றுவந்த பிரிட்டாக்ஸ் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. குறைந்தது 50 குழந்தைகளும் 47 பெரியவர்களும் காயமடைந்ததாக ஆணையம் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. 2015 செப்டம்பர் வரை தயாரான வண்டிகளுக்கு, நெம்புகோலுக்குப் பதிலாக ஸ்பேனர் கொண்டு முடுக்கும் அச்சு போன்ற மாற்று ஏற்பாடுகளைத் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

எனவே அண்ணன் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே முன்சக்கரத்தின் அச்சைப் பக்கவாட்டிலிருந்து படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடுக்கும் அச்சு இருந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். நெம்புகோல் இருந்தால், நிறுவனத்திடம் கேட்டு அதை மாற்றிய பிறகே கொண்டுவர வேண்டும். மாற்ற வழியில்லை என்றால், அண்ணன் மனம் வருந்துமே என்று தயங்காமல், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நெம்புகோலையும் சரியாக இறுக்கி ஓடுகிறவர்கள் உண்டு. ஆனால் விடிந்தும் விடியாத வேளையில், குழந்தை சிணுங்க, அவசரமாக வண்டியை மாட்டுகிற ஒரு தாயிடம் ஒவ்வொரு நாளும் அந்தக் கவனத்தைக் கேட்பது நியாயமில்லை என்பது என் கருத்து.

பத்தாண்டு தாண்டிய வண்டி என்பதால் வேறு சிலவற்றையும் அண்ணன் பார்க்க வேண்டும். இரு தோள், இரு இடுப்பு, கவட்டை என ஐந்து இடத்திலும் பிடிக்கும் பெல்ட்டின் நாடா நைந்திருக்கிறதா, கொக்கி ‘டக்’கென்று பூட்டுகிறதா என்று பார்க்கட்டும். விரித்த வண்டி தானாக மடங்காமல் பூட்டு பிடிக்கிறதா என்றும் பார்க்கட்டும். பின்சக்கர பிரேக்கைப் போட்டுவிட்டுச் சாய்தளத்தில் நிறுத்தினால் வண்டி அசையக் கூடாது. டயர் வெடித்திருந்தால் பரவாயில்லை, அதை இங்கே மாற்றிக்கொள்ளலாம்.

புதிது வாங்க நேர்ந்தால், இந்தியாவில் ஒரு பொறி காத்திருக்கிறது. மூன்று சக்கரம் இருந்தாலே ‘ஜாகர்’ என்று பெயரிட்டு ஆன்லைனில் விற்கிறார்கள். அவற்றில் பலவற்றின் சக்கரம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பெயரைப் பார்க்காதீர்கள், கையேட்டில் ஓடலாம் என்றும், எத்தனை மாதத்திலிருந்து என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பின்சக்கரம் 16 அங்குலம், முன்சக்கரம் 12 அங்குலமாவது, மூன்றிலும் காற்றடைத்த டயர், பின்சக்கரங்களுக்கு ஸ்பிரிங், முன்சக்கரத்தை நேராகப் பூட்டும் வசதி: இவை இல்லாவிட்டால் அது ஓட்ட வண்டி அல்ல. நல்ல நிறுவனங்களின் புதிய வண்டி அமெரிக்காவிலேயே பெரும்பாலும் 400 டாலருக்கு மேல்தான். இறக்குமதியாகி இங்கே வந்தால் விலை இன்னும் ஏறும்.

முன்சக்கரம் எப்போதும் நேராகவே நிற்கும் வகையும் உண்டு, வேண்டியபோது பூட்டித் திறக்கும் வகையும் உண்டு. தீவிரமாக ஓடுகிறவர்கள் முதல் வகையைத்தான் விரும்புவார்கள். உங்களுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். வீட்டு வாசலிலிருந்து பூங்காவரை தெரு முனைகளிலும் நிறுத்திய பைக்குகளுக்கு இடையிலும் வளைந்து போக வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியை அமுக்கி முன்சக்கரத்தைத் தூக்குவது தோளுக்கு வேதனை. பூங்கா வந்ததும் பூட்டிவிட்டு ஓடலாம். கைப்பிடியிலேயே ஹேண்ட் பிரேக் உள்ளதாகக் கிடைத்தால் கூடுதல் பணம் கொடுத்தாவது வாங்குங்கள். வண்டி 12 கிலோ, மகள் 8 அல்லது 9 கிலோ. மேம்பாலச் சரிவில் அந்த இருபது கிலோவும் உங்களை இழுத்துக்கொண்டு போகும். மணிக்கட்டில் மாட்டும் பட்டையைப் பலர் அலங்காரம் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நீங்கள் தடுக்கி விழுந்தால் வண்டி தனியே சாலையில் உருளாமல் தடுப்பது அது ஒன்றுதான். அதை மாட்டாமல் ஓர் அடிகூட ஓட வேண்டாம்.

டயரைப் பற்றி வெளிநாட்டு ஆலோசனைகள் எதுவும் சொல்லாத சிக்கல் ஒன்று நம் ஊரில் இருக்கிறது: சீமைக் கருவேல முள். கண்மாய்க் கரையோ காலி மனையோ, அது இல்லாத இடம் மதுரையைச் சுற்றி அரிது. விறகு ஏற்றிப் போன வண்டியிலிருந்து தார்ச்சாலையிலும் விழுந்து கிடக்கும். காற்றடைத்த டயர் பஞ்சராகத்தான் செய்யும். அதற்குப் பயந்து கெட்டி ரப்பர் சக்கரத்துக்குப் போய்விடாதீர்கள், அதிர்வைத் தாங்குவது காற்றுதான். 16 அங்குலச் சிறுவர் சைக்கிள் ட்யூப் இங்கே எந்த சைக்கிள் கடையிலும் கிடைக்கும், 12 அங்குலமும் அப்படியே. டயரின் பக்கத்தில் 305 என்ற எண் இருந்தால் 16 அங்குலச் சிறுவர் சைக்கிளின் அளவேதான். 349 என்றிருந்தால் அது பொருந்தாது. ட்யூபுக்குள் ஊற்றும் பஞ்சர் அடைப்புத் திரவத்தை முதல் நாளே ஊற்றிவிடுங்கள். சிறு முள்ளுக்கு அது தாங்கும்.

காற்றடிக்கும்போது கவனம் வேண்டும். இவ்வகை ஸ்ட்ரோலர்களின் வால்வு பெரும்பாலும் பைக்கில் இருப்பதே. பஞ்சர் கடையில் அடிக்கலாம். ஆனால் இந்த டயர்கள் பல 30 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்துக்கு மேல் தாங்காது. எவ்வளவு என்று டயரிலேயே அச்சிட்டிருக்கும். கடைக்காரர் பைக் டயர் என்ற நினைப்பில் அழுத்திவிட்டால் வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் வண்டி கல்லாகத் துள்ளும். அளவைச் சொல்லி அடிக்கச் சொல்லுங்கள். அல்லது மீட்டர் உள்ள சைக்கிள் பம்ப் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

முள்ளைவிட எனக்குப் பெரிய பயம் வெயில். பங்குனியிலிருந்து ஆவணிவரை, காலை ஏழரை மணிக்குமேல் குழந்தையோடு வெளியே இருக்க வேண்டாம். வெயில் படுகிறதே என்று துண்டையோ துப்பட்டாவையோ வண்டியின்மேல் போர்த்துகிற பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு; அது ஆபத்து. 2014-இல் ஸ்வீடனின் நாளிதழ் ஒன்று இதைச் சோதித்துப் பார்த்தது. வெயிலில் நின்ற வண்டியின் உள்ளே 22 டிகிரி இருந்தது. மெல்லிய துணியைப் போர்த்தியதும் அரை மணி நேரத்தில் 34 ஆனது, ஒரு மணி நேரத்தில் 37. அது ஸ்வீடன் வெயில். அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் என்னாகும் என்று நினைத்துப் பாருங்கள். மேல்மூடி பெரிதாகவும், அதன் பின்புறம் காற்றுப் போக வலைத்துணி வைத்ததாகவும் இருக்கட்டும். கொசுவுக்கு வலை போடலாம், துணி வேண்டாம். வண்டியை மொட்டை மாடியிலோ காருக்குள்ளோ வெயிலில் விட்டிருந்தால் கொக்கியின் உலோகமும் கறுப்பு இருக்கையும் சுடும். குழந்தையை உட்கார வைக்கும் முன் கையால் தொட்டுப் பாருங்கள்.

மார்கழியில் இதுவே தலைகீழ். ஓடுகிற உங்களுக்கு வியர்க்கும். அசையாமல் எதிர்காற்றில் உட்கார்ந்திருக்கும் மகளுக்குக் குளிரும். உங்கள் உடலை வைத்து அவள் உடலைக் கணிக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று, பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். கழுத்து ஈரமாகச் சுட்டாலும் சில்லென்று இருந்தாலும் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது.

எங்கே ஓடுவது? வண்டியை ஸ்கூட்டரில் ஏற்ற முடியாது. ஆகவே வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய இடம்தான் நடைமுறைக்கு ஒத்து வரும். அந்த வகையில் நீங்கள் கொடுத்துவைத்தவர். வண்டியூர்க் கண்மாயும் பக்கம், மாநகராட்சியின் ஈகோ பார்க்கும் எட்டாத தூரமில்லை. வண்டி இல்லாமல் ஒருநாள் போய், ஸ்ட்ரோலரை உள்ளே விடுவார்களா என்று காவலரிடம் கேளுங்கள். வாசல் இடைவெளியை டேப் வைத்து அளந்தும் வாருங்கள். ஓட்ட வண்டிகள் அகலமானவை, குறுகிய வாசலில் சிக்கும். தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும், தரையும் சமம். காரில் போக வாய்ப்புள்ள ஞாயிற்றுக்கிழமையில், நடையர்கள் கூடுவதற்கு முன் அங்கே ஓடலாம். ரேஸ் கோர்ஸ் விளையாட்டரங்கத்தின் தடத்தில் காலையில் தடகளப் பயிற்சி நடக்கும். அங்கே வண்டியோடு இறங்க வேண்டாம். 2023-இல் திறந்த நத்தம் சாலை மேம்பாலம் விடியற்காலையில் காலியாகத் தெரியும். ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், வாகனங்கள் பறக்கிற இடம், அதையும் மறந்துவிடுங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் தல்லாகுளம் பக்கம் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

சாலையைக் கடக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். நிறுத்திய வேனுக்குப் பின்னாலிருந்து நீங்கள் எட்டிப் பார்க்கும் முன்பே உங்கள் மகள் சாலைக்குள் போய்விட்டிருப்பாள். வண்டி உங்களுக்கு முன்னே இருக்கிறது. முனையில் நின்று, வண்டியைப் பக்கவாட்டில் திருப்பி, இரு புறமும் பார்த்த பிறகே நகர வேண்டும். அவள் உட்காரும் உயரம் புகைக்குழாயின் உயரம், தெருநாயின் முக உயரமும் அதுவே. நாய் குரைத்தால் ஓடாதீர்கள்; நின்று, வண்டியை உங்களுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு, மெதுவாக விலகுங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

மகளின் வயதுக்குத் தடையில்லை. கையேடுகள் பெரும்பாலும் 6 மாதம் என்றும் சில 8 மாதம் என்றும் சொல்கின்றன. ஆனால் மாதக்கணக்கைவிட முக்கியம், பிடிமானமில்லாமல் தானாக நிமிர்ந்து உட்காருகிறாளா, தலை ஆடாமல் நிற்கிறதா என்பது. குறைமாதப் பிரசவம் என்றால் மருத்துவர் குறித்த தேதியிலிருந்து கணக்கிடுங்கள். எப்படியும் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. உங்களுக்கும் ஒரு கேள்வி: இருமினாலோ குதித்தாலோ சிறுநீர் கசிகிறதா, அடிவயிற்றில் பாரம் இறங்குவதுபோல் இருக்கிறதா? இருந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் முதலில் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். சரியாகக்கூடியதுதான், அதோடு இருபது கிலோவைத் தள்ளிக்கொண்டு ஓடுவதுதான் தவறு.

வண்டி வந்ததும் மகளுக்குப் பதில் 10 கிலோ அரிசிப் பையை பெல்ட் போட்டு உட்கார வைத்து ஓடிப் பழகுங்கள். சமதரையில் லேசாகத் தள்ளிவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று தெரியும்; முன்சக்கரத்தருகே உள்ள திருகைத் திருப்பி நேராக்கலாம். கைப்பிடி தொப்புள் உயரத்தில் இருக்கட்டும், அதன்மேல் சாயாதீர்கள். நேரான பாதையில் ஒரு கையால் தள்ளி, மறு கையை இயல்பாக வீசி, கைகளை மாற்றிக்கொண்டே போனால் தோள் இறுகாது. திருப்பத்திலும் சரிவிலும் இரு கையும் கைப்பிடியில் இருக்க வேண்டும். அடி குறுகும், வேகம் குறையும். கைக்கடிகாரத்தைப் பார்த்து வருந்தாதீர்கள். விரைவோட்டப் பயிற்சி வேண்டுமென்றால் கணவர் வீட்டில் இருக்கும் நாளில் தனியே செய்யுங்கள். தண்ணீர் பாட்டில், டயபர், சாவி எல்லாம் வண்டிக்குக் கீழுள்ள கூடையில் போகட்டும். கைப்பிடியில் பை மாட்டினால், குழந்தையைத் தூக்கியதும் வண்டி பின்னால் சாயும். மகள் பால் குடித்து அரை மணி நேரமாவது ஆகட்டும்.

அண்ணன் ட்யூபோ டயரோ சுமந்து வர வேண்டியதில்லை. மணிக்கட்டுப் பட்டை தொலைந்திருந்தால் புதிது ஒன்றும், வண்டியின் கையேடும், முடுக்கும் அச்சுக்குப் பொருந்தும் ஸ்பேனரும் கொண்டுவந்தால் போதும்.