துபாயிலிருந்து மும்பைக்கு வரும் அண்ணன் கேவியர் கொண்டுவரலாமா? கொரியரில் அனுப்பச் சொல்லலாமா? ஒரு டப்பாவுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

உங்கள் அண்ணன் பெட்டியில் கொண்டுவர வழி உண்டு. கொரியர் வேண்டவே வேண்டாம். அந்தேரியில், சுங்கத்திலிருந்து சரக்கை விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். மும்பை விமான நிலையத்தின் சஹார் கார்கோவில் இறங்கும் உணவுச் சரக்குகளின் பேப்பர்கள்தான் தினமும் என் மேஜையில்.

அசல் கேவியர் என்பது ஸ்டர்ஜன் மீனின் முட்டை. எல்லா ஸ்டர்ஜன் இனங்களும் 1998 ஏப்ரலிலிருந்து சைட்டிஸ் என்ற, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பண்ணை மீனுக்கும் விலக்கில்லை. (சால்மன் முட்டை, சுஷி மேல் வைக்கும் கோலா மீன் முட்டை இதில் சேராது.)

பயணி தன்னோடு கொண்டுவர சைட்டிஸ் தரும் சலுகை ஆளுக்கு 125 கிராம். முன்பு 250 இருந்தது, 2007-ல் குறைத்தார்கள். ஆனால் எந்த நாடும் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். அமெரிக்கா 2005-லேயே காஸ்பியன் கடலின் பெலூகா என்ற ஸ்டர்ஜன் இனத்தின் கேவியருக்குத் தடை போட்டது. இங்கேயும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் சைட்டிஸ் இனங்களை நம் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. அதனால் அண்ணன் விமானம் ஏறும் முன்பே வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பிரிவின் மும்பை அலுவலகத்துக்கு மெயில் போட்டு, பதிலை பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

எடையைவிட முக்கியம் லேபிள். டப்பாவின் மூடியும் உடம்பும் சேரும் இடத்தில், கிழிக்காமல் திறக்க முடியாதபடி ஒட்டியிருக்க வேண்டும். அதில் சாய்கோடுகளுக்கு நடுவே ஒரு வரிசை இருக்கும். முதல் மூன்று எழுத்து மீன் இனம்: எச்.யு.எஸ். என்றால் பெலூகா, பி.ஏ.இ. என்றால் சைபீரிய ஸ்டர்ஜன். அடுத்து ‘சி’ இருந்தால் பண்ணை, ‘டபிள்யூ’ இருந்தால் இயற்கை நீரில் பிடித்தது. அப்புறம் நாடு, முட்டை எடுத்த ஆண்டு, ஆலையின் பதிவு எண், லாட் எண். இது இல்லாத டப்பா 30 கிராம் ஆனாலும் சலுகைக்குள் வராது.

ஒரு டப்பாவுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டிருக்கிறீர்கள். பெலூகா பெண் மீன் முதல் முட்டை வைக்கவே ஏறக்குறைய 15 வருடம் ஆகும். முட்டைக்காக அதைக் கொன்றால் அத்தனை வருடமும் போச்சு. வோல்கா நதியில் வோல்கோகிராட் அணை கட்டியதில் அவை முட்டையிடப் போகும் பாதையே அடைபட்டது. மிச்சத்தைக் கள்ள வேட்டை தின்றது. 2022 கணக்குப்படி மிஞ்சியிருக்கும் 26 இனங்களும் அழிவின் அபாயத்தில் இருக்கின்றன. டைனோசர் காலத்திலிருந்து வந்த மீனை நம் தலைமுறையில் தொலைத்துவிடக் கூடாது என்று மனதார நினைக்கிறேன்.

சரி, கொரியர். 125 கிராம் சலுகை பயணியோடு வரும் பொருளுக்கு மட்டும். ‘கிஃப்ட்’ என்று எழுதி அனுப்பினாலும் சைட்டிஸ் பர்மிட் இல்லாமல் வரக் கூடாது.

ரெஸ்டாரன்டுக்கு முறைப்படி வரவழைப்பதானால் அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி பர்மிட் வேண்டும். துபாய் வேறு நாட்டுச் சரக்கைத் திருப்பி அனுப்பினால் மறு ஏற்றுமதிச் சான்றிதழ், அதுவும் முதல் ஏற்றுமதி பர்மிட் தேதியிலிருந்து 18 மாதத்துக்குள். எல்லாம் ஒரிஜினல்தான், ஜெராக்ஸ் செல்லாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ பக்கம், இங்கே வந்து சேரும்போது ஆயுட்காலத்தில் 60 சதவீதம் அல்லது மூன்று மாதம், இரண்டில் எது குறைவோ அது மிச்சமிருக்க வேண்டும். ஒரு ஓட்டலுக்கு வந்த சரக்கில் லேபிளில் ஓர் இனம், பர்மிட்டில் வேறு இனம். திருத்தின பேப்பர் வருவதற்குள் கோல்ட் ஸ்டோரேஜிலேயே அதன் காலம் முடிந்துவிட்டது. எனவே பணம் கட்டும் முன் லேபிளையும் பர்மிட்டையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். அனுப்ப மறுக்கும் வியாபாரியிடம் வாங்காதீர்கள்.