காதுக்குள் போகும் கம்பி

வணக்கம் ஐயா. வீட்டிலேயே நகை செய்கிறேன். யாரிடமும் படித்ததில்லை. அறுந்துபோன மாலையைப் பிரித்துக் கோத்ததில் தொடங்கியது, வீடியோக்கள் பார்த்துப் பார்த்து இப்போது செம்புக் கம்பியை வளைத்துப் பதக்கம், தொங்கட்டான் என்று செய்கிறேன். தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள். ஆனாலும் முறையாகக் கற்றவர்களைப் பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. என்னை நான் கைவினைஞர் என்று சொல்லிக்கொள்ளலாமா? வகுப்பில் சேர வேண்டுமா? நெருப்பு ஊதும் டார்ச் வாங்கி உலோகத்தைப் பற்றவைக்கப் பழகலாமா? என் டிசைனை ஒருவர் அப்படியே காப்பியடிக்கிறார், அதற்கு என்ன செய்வது? அப்புறம், என் தொங்கட்டானைப் போட்டால் காது அரிக்கிறது என்று போன வாரம் ஒருவர் சொன்னார். அவருடைய தோல் அப்படி என்று நினைக்கிறேன். கொக்கிகளை மொத்தமாக வாங்குகிறேன், எல்லாமே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.
எஸ்.

அன்புள்ள எஸ்,

கடிதத்தின் கடைசி வரிகளுக்காகத்தான் உடனே பதில் எழுதுகிறேன். கூச்சத்தையும் காப்பியையும் பற்றிக் கவலையோடு எழுதிய நீங்கள், அரிப்பைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். என் தங்கைக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்குவதற்காகச் சில நாட்களாக அலைகிறேன். பின்மூடி என்ன உலோகம் என்று கேட்டால் விற்பவர் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த எரிச்சல் அடங்குவதற்குள் உங்கள் கடிதம்.

பள்ளியில் படிக்கும்போது அவளுக்கு யாரோ ஒரு ஜோடி கம்மல் பரிசாகக் கொடுத்தார்கள். போட்டுக்கொண்ட சில நாளில் துளை சிவந்து நீர் கசிந்தது. கழற்றினால் ஆறும். ஆனால் அந்தக் கம்மல்மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை, ஆறியதும் திரும்பப் போடுவாள், திரும்பப் புண்ணாகும். அப்புறம் கம்மல் இல்லாமலேயே தொடங்கியது. ஜீன்ஸ் பட்டன் பட்ட இடத்தில் வயிற்றில் தடிப்பு, கடிகாரம் கட்டிய மணிக்கட்டில் தடிப்பு, மூக்குக்கண்ணாடி உட்காரும் இடத்தில் தடிப்பு. இன்று அவளுக்கு நாற்பதுக்கு மேல் வயது. இன்னும் விடவில்லை. நிக்கல் என்ற உலோகத்தால் வரும் ஒவ்வாமை அப்படித்தான், உடம்பு ஒருமுறை நிக்கலை எதிரியாகக் குறித்துவைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் மறக்காது. அது உள்ளே நுழைய மிகச் சாதாரணமான வழி காது குத்திய துளை. “அவருடைய தோல் அப்படி” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தோலை அப்படி ஆக்குவதே இந்த மாதிரிக் கொக்கிகள்தான்.

மலிவாக, வெள்ளி நிறத்தில் பளபளக்கும் கொக்கி பெரும்பாலும் பித்தளையோ இரும்போதான். முலாம் ஒழுங்காகப் பிடித்து மின்னுவதற்காக அடியில் நிக்கல் பூசுவது வெகு சாதாரணம். மேலே இருக்கும் முலாம் பல சமயம் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. துளைக்குள் தினமும் உரசினால் அது எத்தனை நாள் தாங்கும்? அது தேய்ந்ததும் வியர்வை நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் கொண்டுபோகிறது. ஜெர்மன் சில்வர் நம்மைக் காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள், அதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான். இந்தத் தொல்லை பெரிதாக இருந்ததால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 1994-லேயே நிக்கலுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. குத்திய துளைக்குள் போகும் பாகத்திலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு வாரத்தில் 0.2 மைக்ரோகிராம்கூட நிக்கல் கசியக் கூடாது என்பது இன்று அங்குள்ள விதி. தோலின் மேல் படும் மற்ற நகைகளுக்கு 0.5. துளைக்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள் பாருங்கள். நீங்கள் என்னடா என்றால், பார்க்க ஒன்றுபோல இருக்கின்றன என்கிறீர்கள்!

கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் உங்கள்மேல் அன்பில்லாமல் இல்லை. தானாகக் கற்றவருக்கு அழகுணர்ச்சி குறைவாக இருக்கும் என்று நான் ஒருநாளும் நம்பியதில்லை. அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் பட்டம் பெற்றது இயந்திரப் பொறியியலில். சிறுவனாக இருந்தபோது அக்காவின் பொம்மைகளுக்குச் செம்புக் கம்பியில் நகை செய்துகொடுத்தவர், வாழ்நாளில் சுமார் 1800 நகைகள் செய்தார், பெரும்பாலும் பற்றவைக்காமல், தட்டியும் வளைத்தும் சுற்றியும். ஆகவே பட்டம் இல்லையே என்ற கூச்சத்தை விடுங்கள். உங்களுக்கு இல்லாமல் போனது வேறு. பட்டறையில் வளர்ந்த பிள்ளை ஒரு கம்பியை எடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் “அது என்ன கம்பி, எங்கே வாங்கினது, முனையைத் தேய்ச்சியா” என்று அதட்டுவார். வீடியோ அதட்டாது. அது நகையின் முகத்தை மட்டும் நல்ல வெளிச்சத்தில் காட்டிவிட்டு முடிந்துபோகும். என் கையில் ஒரு நகையைக் கொடுத்தால் நான் முதலில் திருப்பித்தான் பார்ப்பேன். உடம்போடு இருக்கப்போவது அந்தப் பக்கம். வளையத்தின் வாய் சரியாக மூடியிருக்கிறதா, கம்பியின் நுனி துணியில் மாட்டுகிறதா, கொக்கி என்ன உலோகம் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். உங்களுக்கு அதட்ட ஆளில்லை, அதனால் இன்று நான் அதட்டுகிறேன்.

வாங்கி வைத்திருக்கும் கொக்கிகளை இனி யாருக்கும் மாட்டாதீர்கள். டைமெதில்கிளையாக்சைம் என்ற வேதிப்பொருள் சேர்ந்த நிக்கல் சோதனைத் திரவம் கிடைக்கிறது. பஞ்சில் தொட்டுத் தேய்த்து, பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் கசிகிறது என்று அர்த்தம். சோதித்துப் பாருங்கள், உங்களுக்கே பயம் வரும். கம்பி வளைக்கத் தெரிந்தவர் கொக்கியை ஏன் வெளியே வாங்க வேண்டும்? 20 கேஜ், அதாவது 0.8 மில்லிமீட்டர் அளவில் 92.5 சதவீத வெள்ளிக் கம்பி வாங்கி நீங்களே வளையுங்கள். முனையை அரத்தால் உருட்டி, உப்புத்தாள் போட்டு, உங்கள் உதட்டில் வைத்து இழுத்துப் பார்த்தால் உறுத்தக் கூடாது. வளைத்தபின் லேசாகத் தட்டினால் விறைப்பு ஏறும், எளிதில் விரியாது. ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவருக்கு நியோபியம் அல்லது டைட்டானியம் என்ற உலோகத்தில் கொக்கி கொடுங்கள். சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்கும் 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகிலும் பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல் உண்டு, கசிவு குறைவு என்பதால் பலருக்கு ஒத்துக்கொள்ளும், எல்லாருக்கும் அல்ல. செம்பைக் காதுக்குள் விடவேண்டாம், வியர்வை பட்டுப் பச்சை பூக்கும். அரிக்கிறது என்று சொன்னவரிடம் இன்றே பேசுங்கள், அதைப் போடவேண்டாம் என்று சொல்லி, கொக்கியை மாற்றிக் கொடுங்கள். இதுவரை வாங்கிய மற்றவர்களுக்கும்தான்.

காப்பியடிப்பவரை விட்டுத்தள்ளுங்கள், அடுத்ததைச் செய்யுங்கள். கைவினைஞர் என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் சான்றிதழ் கேட்கப்போவதில்லை.

டார்ச்சுக்கு மட்டும் வகுப்பு வேண்டும். நெருப்பைத் தனியாக, திரையைப் பார்த்துப் பழகாதீர்கள். அதுவரைக்கும் இரண்டு விஷயம். பற்றவைக்க உருக்கும் பொடியில், அதாவது சால்டரில், கேட்மியம் என்ற நச்சு உலோகம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள், அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும், சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மின்சாதன வேலைக்கு விற்கும் ஈயம் கலந்த சால்டரை நகைக்குப் பயன்படுத்தவே கூடாது. வகுப்பில் சேர்ந்ததும், முதல் நாள் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று எழுதுங்கள்.