துபாயிலிருந்து டர்பனில் வீடு: எந்தப் பகுதி கட்டுப்படியாகும்?

கேள்வி: நாங்கள் துபாயில் இருக்கிறோம். எனக்குத் திருச்சி, கணவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன்காரர். அவருக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் நான் எழுதுகிறேன். அடுத்த ஆண்டு இரண்டு பிள்ளைகளோடு டர்பனுக்கே குடிபோகிறோம். அவருக்கு வேலை டர்பனுக்கு வடக்கே உம்ஹ்லாங்காவில். எங்கள் சக்தி 12 லட்சம் ராண்ட். கணவரின் அத்தை ஃபீனிக்ஸில் வாங்கச் சொல்கிறார். ஏஜென்ட் வெருலத்தில் ஒரு புது காம்ப்ளெக்ஸைக் காட்டுகிறார். நண்பர்களோ உம்ஹ்லாங்காவைத் தவிர வேறெங்கும் போகாதீர்கள் என்கிறார்கள். நேரில் பார்க்க ஒரு வாரத்துக்கு மேல் லீவு கிடைக்காது. எந்தப் பகுதியைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதலில் உம்ஹ்லாங்காவைத் தள்ளி வைத்துவிடலாம். 12 லட்சத்துக்கு அங்கே நான்கு பேர் தாராளமாக இருக்கும் வீடு கிடைப்பது கடினம். சின்ன ஃபிளாட் அமைந்தாலும் மாதாமாதம் கட்டும் லெவி, அதாவது பொதுப் பராமரிப்புக் கட்டணம், கையைக் கடிக்கும். வேலை உம்ஹ்லாங்காவில் என்பதால் தெற்குப் பக்கத்தையும் விட்டுவிடுங்கள். சாட்ஸ்வொர்த் நல்ல இடம்தான். ஆர்.கே. கான் மருத்துவமனை, கடைகள், கோயில்கள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஆனால் தினமும் காலையில் என்2 நெடுஞ்சாலையில் நகரைச் சுற்றிக்கொண்டு வடக்கே போய், மாலையில் அதே நெரிசலில் திரும்புவதை உங்கள் கணவர் எத்தனை மாதம் தாங்குவார்? இசிபிங்கோ, மெரிபேங்க் இரண்டுக்கும் இதே கதை. அங்கே ஏதாவது வீடு மலிவாகத் தெரிந்தால் காரணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இசிபிங்கோவில் ஆற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களில் வெள்ளம் புகும். மெரிபேங்க் பல பத்தாண்டுகள் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கும் காகித ஆலைக்கும் பக்கத்தில் இருந்து புகையைச் சுவாசித்த ஊர்.

ஆக மிஞ்சுவது வடக்கு: ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட். இந்த மூன்றில் உங்களுக்கு என் வரிசையும் இதுதான். ஆனால் பகுதியின் பெயரை வைத்து முடிவெடுக்கப் போகிறீர்கள் என்றால் வாங்காமல் இருப்பதே மேல். டர்பனில் ஒரே பகுதிக்குள் இரண்டு தெரு தள்ளினால் விலையும் மாறும், தண்ணீரும் மாறும், மண்ணும் மாறும்.

அத்தை சொல்லும் ஃபீனிக்ஸிலிருந்து தொடங்குகிறேன். யார் எங்கே வசிக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தின் காலத்தில், 1976 முதல் இந்தியர்களைக் குடியேற்றிய ஊர் அது. அன்றைக்குக் கவுன்சில் கட்டிக்கொடுத்தவை பெரும்பாலும் சிறிய வீடுகள், பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டியவை. குடும்பம் பெருகப் பெருக முன்னால் ஓர் அறை, மேலே ஒரு மாடி, பின்னால் ஓர் அவுட்பில்டிங் (தனிச் சிறு கட்டடம்) என்று மக்களே சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். அவற்றில் எதற்கெல்லாம் முனிசிபாலிட்டி ஒப்புதல் தந்த பிளான் இருக்கிறது என்பதுதான் அங்கே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. விளம்பரத்தில் ஐந்து அறை, பிளானில் மூன்று அறை என்பது சர்வ சாதாரணம். பிளான் இல்லாத பகுதியை வங்கி மதிப்பில் சேர்க்காமல் விடலாம். தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். பின்னால் ஒழுங்குபடுத்தும் செலவும், இடிக்கச் சொன்னால் அந்த நஷ்டமும் வாங்கியவர் தலையில்தான் விழும்.

ஏஜென்ட் இதையே வேறு மாதிரிச் சொல்வார்: "அவுட்பில்டிங் வாடகையே பாதித் தவணையைக் கட்டிவிடும்." கட்டலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வாடகை ஒப்பந்தம் இருந்தால், வீடு கைமாறினாலும் அது செல்லும். ஒப்பந்தமே இல்லாமல் குடியிருப்பவரைக்கூட 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. துபாயில் இருந்துகொண்டு அந்த வழக்கை நடத்துவதை நினைத்துப் பாருங்கள். பழைய கவுன்சில் வீடென்றால் கூரையையும் விசாரியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதைக் கழற்றப் பதிவுபெற்ற ஒப்பந்ததாரர்தான் வர வேண்டும், செலவு சும்மா இல்லை.

உங்கள் நண்பர்கள் பயமுறுத்துவது 2021 ஜூலைக் கலவரத்தை மனத்தில் வைத்து இருக்கலாம். ஃபீனிக்ஸில் அப்போது 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் அக்கம்பக்கத்துக் கறுப்பின மக்கள். அதை மறைத்து ஊரைப் புகழ எனக்கு மனமில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு தெரு பாதுகாப்பானதா என்பதை அந்த நினைவிலிருந்து அளக்க முடியாது. காவல்துறை காலாண்டுக்கு ஒருமுறை ஸ்டேஷன் வாரியாகக் குற்றக் கணக்கு வெளியிடுகிறது. அதுகூட அந்த ஸ்டேஷனின் முழு எல்லைக்கான கணக்குதான். அந்தத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் ஒருவரிடம் பேசினால் இதைவிடத் தெளிவாகத் தெரியும்.

வெருலம் காம்ப்ளெக்ஸுக்கு வருவோம். கட்டுநரிடமே புதிதாக வாங்கினால் பெரும்பாலும் விலையிலேயே வாட் சேர்ந்திருக்கும், மாற்றல் வரி (வீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற அரசுக்குக் கட்டும் வரி) தனியாக இல்லை. மாற்றல் வரியைப் பற்றி ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் 1-இல் வந்த அளவின்படி 12,10,000 ராண்ட் வரை அது கிடையாது. அதற்கு மேல் 16,63,800 வரை கூடுதல் தொகைக்கு 3 சதவீதம். 14 லட்சத்துக்கு வாங்கினால் வரி 5,700 ராண்ட்தான். இதற்குப் பயந்து நல்ல வீட்டைக் கைவிட வேண்டாம். பயப்பட வேண்டியது லெவிக்கு. பாடி கார்ப்பரேட்டின் (காம்ப்ளெக்ஸ் உரிமையாளர்கள் சங்கத்தின்) கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பு, சேமிப்பு நிதியில் உள்ள தொகை, எத்தனை பேர் லெவி பாக்கி வைத்திருக்கிறார்கள் என்ற கணக்கு, இந்த மூன்றையும் கேளுங்கள். தர இழுத்தடித்தால் காரணம் இருக்கும்.

வெருலத்தின் உண்மையான பிரச்சினை தண்ணீர். அங்கேயும், டோங்காட்டிலும், ஃபீனிக்ஸின் சில மேட்டுப் பகுதிகளிலும் குழாய் வறண்டு டேங்கர் லாரிக்காகக் காத்திருப்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் சுத்திகரிப்பு நிலையமே சேதமாகி, ஊர் மாதக்கணக்கில் தண்ணீருக்கு அலைந்தது. விற்பவரிடம் கேட்டால் "எப்போதாவது நிற்கும்" என்பார். அதைவிட, வீடியோவில் தெருவை மெதுவாகக் காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வீடு ஜோஜோ டேங்க் (பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) நின்றால் பதில் கிடைத்துவிட்டது. சரி, அதற்காக வேண்டாம் என்று அர்த்தமில்லை. டேங்க், பம்ப் செலவைக் கழித்து விலை பேசுங்கள். காம்ப்ளெக்ஸ் என்றால் பொது டேங்க் இருக்கிறதா என்று பாருங்கள்.

டோங்காட்டுக்காக ஒன்று சொல்ல வேண்டும். விமான நிலையம் பக்கம், பழைய தமிழ்க் குடும்பங்கள் நிறைய, பிரேக் வில்லேஜில் சுப்பிரமணியர் கோயில் இருக்கிறது. பிள்ளைகளைக் காவடிக்கும் திருவிழாவுக்கும் நடத்திக் கூட்டிப்போக ஆசையென்றால் அது பெரிய விஷயம்தான். 2024 ஜூன் 3-ஆம் தேதிச் சுழற்காற்று அங்கே பல கூரைகளைப் பிய்த்துப் போட்டது. அந்தப் பக்கம் வாங்கினால் கூரை எப்போது, யார் போட்டது என்று ரசீதோடு காட்டச் சொல்லுங்கள்.

இனி எந்தப் பகுதியானாலும் நான் முதலில் பார்ப்பது சரிவை. டர்பன் மேடும் பள்ளமுமான ஊர். மலையை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணை மறுபக்கம் கொட்டிச் சமப்படுத்தித்தான் பாதி வீடுகள் நிற்கின்றன. வெட்டிய பக்கம் உறுதியாக இருக்கும், கொட்டிய பக்கம் மழையில் இறங்கும். கடலை ஒட்டிய மேடுகளில் சிவப்பு மணல் வேறு, நீர் புகுந்தால் கரையும். 2022 ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியபோது மாகாணத்தில் 400-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். வெள்ளத்தோடு மண்சரிவும் வீடுகளை இழுத்துக்கொண்டு போனது. அதனால் பின்பக்கத் தடுப்புச் சுவர் வெளியே சாய்ந்திருக்கிறதா, நீர் வடியத் துளைகள் இருக்கின்றனவா, சுவரில் படிக்கட்டு மாதிரி ஏறும் விரிசல் உண்டா, மேல் வீட்டு மழைநீர் எங்கே வந்து விழுகிறது என்று பார்க்க வேண்டும். புதுப் பெயின்ட் ஒரே ஒரு சுவரில் மட்டும் இருந்தால் அங்கேயே நில்லுங்கள்.

துபாயிலிருந்தே செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைத் திருப்பிப் பார்த்தால் ஓடை எங்கே ஓடியது, எந்தச் சரிவு வெறுமையானது என்று தெரியும். பத்திரப் பதிவேட்டைச் சிறு கட்டணத்தில் யாரும் தேடலாம். விற்பவர் எந்த ஆண்டு என்ன விலைக்கு வாங்கினார் என்பது அதில் வந்துவிடும். அத்தையை அனுப்புங்கள், ஆனால் தனியாக அல்ல. கமிஷனில் பங்கில்லாத ஒரு வீட்டுப் பரிசோதகரோடு, முடிந்தால் மழை பெய்த மறுநாள். அத்தை பக்கத்து வீட்டில் டீ குடித்தாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

ஆஃபரில், அதாவது வாங்கச் சம்மதம் என்று எழுதித்தரும் தாளில், கையெழுத்துப் போடும்போது கவனம். இந்தியாவில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் பிறகு யோசிக்கிற பழக்கம் இங்கே எடுபடாது. இரு தரப்பும் ஒப்பமிட்டால் அது முழு ஒப்பந்தம். ஐந்து நாளில் திரும்பப் பெறும் சலுகை இரண்டரை லட்சம் ராண்டுக்கு உட்பட்ட விலைக்குத்தான். ஆகவே நிபந்தனைகளை ஆஃபரிலேயே எழுதுங்கள்: பரிசோதனை அறிக்கை திருப்தியாக வேண்டும், ஒப்புதல் பெற்ற பிளான் கைக்கு வர வேண்டும், கடன் கிடைக்க வேண்டும், வீடு காலியாக ஒப்படைக்கப்பட வேண்டும். கம்ப்யூட்டரில் கிளிக் செய்யும் கையெழுத்து நிலம், வீடு விற்பனைக்குச் செல்லாது. பேனாவால் ஒப்பமிட்டு ஸ்கேன் செய்து அனுப்புங்கள். ஏஜென்ட் செல்லுபடியாகும் ஃபிடிலிட்டி ஃபண்ட் சான்றிதழ் (ஏஜென்ட் தொழில் நடத்த வேண்டிய சான்று) வைத்திருக்கிறாரா, விற்பவர் குறைகளை எழுதித்தரும் படிவம் இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தப் படிவம் 2022 பிப்ரவரி முதல் கட்டாயம்.

கடனைப் பற்றி: வெளிநாட்டில் வசிப்பவர் என்று வங்கி உங்களைக் கணித்தால் வழக்கமாக விலையில் பாதி வரைதான் தரும். கணவர் குடிமகனானாலும் அவரை எந்த வகையில் சேர்க்கிறார்கள் என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பெயரில் வெளிநாட்டுப் பணம் வந்தால் பத்திரத்தில் அதற்கான குறிப்பு ஏற வேண்டும், பணம் வந்த வங்கி ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் விற்றுப் பணத்தைத் திரும்பக் கொண்டுபோக இவை வேண்டும்.

என்னைக் கேட்டால், ஆறு மாதம் ஃபீனிக்ஸின் மவுண்ட் எட்ஜ்கோம் பக்கத்தில் வாடகைக்கு இருங்கள். ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு வாங்குங்கள். இல்லை, வரும்போதே சொந்த வீடு வேண்டும் என்றால், பதிவு முடியும் நாளும் நீங்கள் வந்திறங்கும் நாளும் நெருங்கி இருக்கட்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டில் முதலில் செம்புக் குழாய் போகும், அப்புறம் ஆள் குடியேறும்.

பணம் அனுப்பும்போது இன்னொன்று. வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றித்தரும் வழக்கறிஞரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். வீடு வாங்கிய ஒரு பெண்மணி இப்படி வந்த போலிக் கணக்குக்கு 55 லட்சம் ராண்ட் அனுப்பினார். வழக்கறிஞர் நிறுவனம் பொறுப்பல்ல என்று 2024-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அலுவலகத்தின் எண்ணை நீங்களே தனியாகத் தேடி எடுத்துப் பேசி, கணக்கு எண்ணை வாயால் சொல்லிச் சரிபார்த்த பிறகே அனுப்புங்கள்.