முதல் பத்து நாளைக்கு ஒரே ஒரு ஜாஸ் உருப்படி

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பழைய வீட்டை ஒழித்தபோது, பினாங்குக்குக் கொண்டுவிக்க (வியாபாரம் செய்ய) போன எங்கள் ஐயாவின் டிரங்குப் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு இசைத்தட்டுகள் கிடைத்தன. இரண்டில் லூயி ஆம்ஸ்ட்ராங் பெயர் இருக்கிறது. ஜாஸ் என்றார்கள். சரி, கேட்டுப் பார்ப்போம் என்று இணையத்தில் ஒரு பட்டியலைப் பிடித்து, ஜான் கோல்ட்ரேனின் 'அசென்ஷன்' போட்டேன். பரணிலிருந்து எவர்சில்வர் பாத்திரமெல்லாம் மொத்தமாக விழுந்த மாதிரி இருந்தது. இளையராஜா கேட்பேன், கோயில் திருவிழாவில் நாகசுரம் கேட்பேன், சங்கீதம் படித்ததில்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்? தட்டுகளை என்ன செய்வது?"

உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை. 'அசென்ஷன்' 1965-ல் பதினொரு பேர் சேர்ந்து வாசித்தது, சுமார் 40 நிமிடம். அதுவரை ஜாஸ் எந்த வட்டத்துக்குள் சுற்றி வந்ததோ, அந்த வட்டத்தையே உடைத்துப் பார்த்த இசை. வட்டம் பழகிய காதுக்குத்தான் அது உடைவது கேட்கும். மற்றவர்களுக்குப் பாத்திரச் சத்தம்தான். அதற்காக ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸில் ஆரம்பித்து வருஷவாரியாகக் கேட்டு வாருங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பழைய ஒலிப்பதிவுகளின் இரைச்சலிலேயே பலர் களைத்துப் போய்விடுகிறார்கள்.

என் பதில் இதுதான். முதல் பத்து நாளைக்கு ஒரே ஒரு உருப்படி. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' தொகுப்பில் முதலாவதாக வரும் 'ஸோ வாட்'. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவானது, ஒன்பது நிமிடத்துக்குச் சற்று மேல். தினம் ஒரு தடவை கேட்டால் போதும். வேறு எதையும் அந்தப் பத்து நாளில் தேட வேண்டாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். இந்த உருப்படியின் பல்லவி மாதிரியான வரியை வாசிப்பது எக்காளமோ (டிரம்பெட்) பியானோவோ அல்ல, ஆளுயர பேஸ் வாத்தியம். போன் ஸ்பீக்கரில் அந்தக் கனத்த ஒலி வரவே வராது. பாட்டின் தலையே இல்லாமல் உடம்பை மட்டும் கேட்பீர்கள். வளவில் (வீட்டின் முற்றத்தைச் சுற்றிய கூடத்தில்) பெரிய ஸ்பீக்கர் வைப்பதும் சரிவராது. ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைப் பூச்சுச் சுவர், உயர்ந்த கூரை என்று எல்லாம் சேர்ந்து ஒலியைத் திருப்பித் திருப்பி அடிக்கும். நல்ல இயர்போன் போதும். இல்லையென்றால் மெத்தை, துணிமணி உள்ள சின்ன அறை.

இனி கேட்கலாம். முதல் அரை நிமிடம் பியானோவும் பேஸும் தாளக்கட்டு இல்லாமல் மெல்லப் பேசிக்கொள்ளும். அப்புறம் பேஸ் ஒரு வரி சொல்லும்; பியானோ இரண்டே அடியில் பதில் சொல்லும். இரண்டாவது அடி சற்றுத் தாழ்ந்து விழும். கொஞ்ச நேரத்தில் அந்தப் பதிலில் எக்காளமும் இரண்டு சாக்ஸபோன்களும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கேள்வி-பதிலை முதல் இரண்டு நாளில் முணுமுணுக்கப் பழகிவிடுங்கள். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

இதன் வட்டம் நான்கு பகுதி. முதல் இரண்டு பகுதி ஒரே சுருதியில். மூன்றாவது பகுதியில் எல்லாமே அரைக் கட்டை ஏறும்: இரண்டு கட்டையில் போனது இரண்டரைக் கட்டைக்குப் போகும். நான்காவதில் மறுபடி பழைய இடம். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். இதை ஜாஸ்காரர்கள் கோரஸ் என்பார்கள். நாம் ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். வரி முடிந்ததும் ஒவ்வொருவராக இதே வட்டத்தின் மேல் அந்த நேரத்து மனோதர்மத்தில் வாசிக்கிறார்கள். கீழே பேஸும் டிரம்ஸும் வட்டத்தை விடுவதே இல்லை. நாகசுரக்காரர் எங்கெங்கோ சஞ்சாரம் செய்யும்போது தாளக்காரர் தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருப்பாரே, அப்படி. ஜாஸ் 'சும்மா இஷ்டத்துக்கு வாசிப்பது' என்று பலர் சொல்வதற்குக் காரணம், அவர்கள் வட்டத்தை எண்ணிப் பார்க்காததுதான்.

ஒன்றரை நிமிடம் வாக்கில் சிம்பலில் ஓர் அடி விழும். அங்கே மைல்ஸ் டேவிஸின் எக்காளம் தனியாகக் கிளம்பும். இரண்டு சுற்று. அவர் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று கவனியுங்கள். நான்கு சுரம் சொல்லிவிட்டு நிறுத்துவார். அந்த இடைவெளியும் பாட்டுத்தான். அடுத்து சாக்ஸபோனில் கோல்ட்ரேன், உங்களைப் பயமுறுத்திய அதே ஆள். இங்கே அடர்த்தியாக, ஆனால் வட்டத்துக்குள்ளேயே இரண்டு சுற்று. பிறகு கேனன்பால் ஆடர்லி, சிறிய சாக்ஸபோனில், வாய்விட்டுச் சிரிக்கிற மாதிரி இரண்டு சுற்று. கடைசியில் பில் எவன்ஸின் பியானோ ஒரே சுற்று. அவருக்குப் பின்னால் ஊதுகிறவர்கள் அந்த இரண்டடிப் பதிலைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஐந்தாம் நாள் வாக்கில், மூன்றாவது பகுதியில் சுருதி ஏறும் இடம் வருமுன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு நீங்கள் ஜாஸ் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தாளம் போடுவதில் ஒரு மாற்றம் வேண்டும். நான்கு எண்ணிக்கையில் நம் கை ஒன்றிலும் மூன்றிலும் தட்டும். ஜாஸில் இரண்டிலும் நான்கிலும் சொடக்குப் போட்டுப் பாருங்கள். டிரம்ஸ்காரரின் கால் அங்கேதான் விழுகிறது. ஸ்விங் என்ற ஊஞ்சல் நடைக்கும் ஒரு வழி உண்டு. 'தகிட தகிட' என்று சொல்லுங்கள். பிறகு நடுவில் உள்ள 'கி'யை விழுங்கிவிட்டு 'த-ட, த-ட' என்று முதல் எழுத்தை இழுத்துச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட அதுதான். வேகமான பாட்டில் அது தட்டையாகிவிடும், பரவாயில்லை.

சங்கீதம் தெரிந்த யாராவது "ஸோ வாட் கரகரப்பிரியாவாச்சே" என்று உங்களிடம் சொல்லக்கூடும். சுரங்கள் அதேதான். ஆனால் கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) இல்லை, நிலையான தம்பூரா சுருதி இல்லை, சுரங்களைக் கொத்துக் கொத்தாக அடுக்கி வாசிக்கும் ஹார்மனி இருக்கிறது. கரகரப்பிரியாவை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ராகத்தைத் தேடாதீர்கள், உரையாடலைக் கேளுங்கள்.

பத்து நாள் முடிந்ததும் ஆர்ட் பிளேக்கி குழுவின் 'மோனின்', 1958. பியானோ ஒரு வரி சொல்ல, மற்றவர்கள் இரண்டு சுரத்தில் ஆமோதிப்பார்கள். பஜனையில் முன்பாட்டுக்காரர் எடுத்துக் கொடுக்கக் கூட்டம் வாங்கிப் பாடுவது போல இருக்கும். பிறகு டேவ் ப்ரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்', 1959. ஐந்து எண்ணிக்கை, மூன்றும் இரண்டுமாகப் பிரிந்து வரும். கண்ட நடை பழகிய நமக்கு இது வெள்ளைக்காரர்களுக்கு இருந்த அளவு அதிசயமாக இருக்காது, சுகமாக இருக்கும். குரல் வேண்டும் என்று தோன்றினால் எல்லா ஃபிட்ஜெரால்ட் என்ற பாடகியும் ஆம்ஸ்ட்ராங்கும் சேர்ந்து பாடிய 1956 தொகுப்பு. ஆம்ஸ்ட்ராங்கின் குரல் கரகரப்பு, அவர் பக்கத்தில் எல்லாவின் குரல் பாகு. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேட்க அதைவிட நல்ல தொகுப்பு எனக்குத் தெரியாது.

இப்போது ஐயாவின் ஆம்ஸ்ட்ராங்கிடம் போகலாம். இணையத்தில் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', 1928 பதிவைத் தேடுங்கள். துணை ஏதும் இல்லாமல் எக்காளம் மட்டும் முதலில் எழும். கடைசிப் பகுதியில் ஒரே மேல்சுரத்தைப் பிடித்து நிறுத்துவார், மூச்சை நீங்களும் சேர்த்துப் பிடிப்பீர்கள். எல்லாம் சுமார் மூன்றேகால் நிமிடத்தில். அந்தக் காலத்து பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய அவ்வளவுதான் பிடிக்கும். அதனால்தான் பழைய ஜாஸ் அத்தனை செறிவாக இருக்கிறது. கோல்ட்ரேனிடம் திரும்ப வேண்டுமானால் 1961-ல் வந்த 'மை ஃபேவரிட் திங்ஸ்', பிறகு 'எ லவ் சுப்ரீம்'. 'அசென்ஷன்' ஒரு வருஷம் காத்திருக்கட்டும்.

உங்கள் பக்கத்து ஊர் வழியாகவும் ஒரு பாதை இருக்கிறது, நான் மிகவும் மதிக்கிற பாதை. மிருதங்க மேதை காரைக்குடி மணி, ஜாஸ் கலைஞர்களைக் கொண்ட ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு சேர்ந்து 'இன்டு தி ஃபயர்' தொகுப்பைக் கொடுத்தார். அவர்கள் அவருடைய கணக்கைக் கற்றுக்கொண்டு அதற்குள் ஊதுகிறார்கள். 'மோனின்' வரை கேட்டபின் இதைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் புரியும். அதேபோல 2008-ல் கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மகந்தப்பாவும் இரண்டு சாக்ஸபோன்களில் செய்த 'கின்ஸ்மென்'.

கடைசியாகத் தட்டுகள். லேபிளில் 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) என்றிருந்தாலோ, தட்டு கனமாக, தட்டினால் ஓடு போல ஒலித்தாலோ, அது அரக்குத் தட்டு. ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் வரிப்பள்ளம் போகும் திசையிலேயே தூசியைத் தள்ளுங்கள். எல்பி (பிற்காலத்து நீண்ட நேரத் தட்டு) ஊசியில் ஓட்டாதீர்கள். 78-க்கு அகலமான ஊசி தனியாக உண்டு. சாவி கொடுக்கும் கிராமபோன் என்றால் இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஊசி தட்டைத் தின்றுவிடும். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கப் போடாமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். பெட்டி வாடை போகட்டும் என்று வற்றலோடு முற்றத்து வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், வளைந்துவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விலை விசாரிக்கும் முன் ஒவ்வொரு லேபிளிலும் உள்ள எண்ணை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து எந்தப் பாட்டு, எந்த வருஷத்துப் பதிவு என்று தேட முடியும். உறையில் பினாங்குக் கடை முத்திரை ஏதாவது இருந்தால் உறையையும் தட்டோடு வைத்திருங்கள்.