இங்கிலாந்துக் கிராமத்தாரின் பூர்வீகம் தேடுதல்: கேள்வி பதில்

கேள்வி: சஃபோக் கவுண்டியைச் சேர்ந்த விவசாயக் கூலி ஒருவருக்கு 1841 கணக்கெடுப்பில் வயது 25, 1851இல் 40. இருவரும் ஒருவர்தானா?

பதில்: ஒருவராகவே இருக்கலாம். 1841இல் பதினைந்து வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதும்படி உத்தரவு இருந்ததால், 29 வயதுக்காரரும் 25 என்றே பதிவானார். ஆகவே இங்கே உண்மையான வேறுபாடு ஓரிரு வயதாகவே இருக்கலாம். மனைவி மக்களின் பெயர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: அவருடைய பெற்றோரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது, அரசுப் பதிவு 1837 ஜூலை 1ஆம் தேதிதான் தொடங்கியது. அதன் பிறகு அவர் மணமுடித்திருந்தால், முதலில் திருமணச் சான்றிதழை வாங்குங்கள். அதில் மணமகனின் தந்தை பெயரும் தொழிலும் கேட்டு எழுதப்பட்டன. பிறகு, 1851 கணக்கெடுப்பு காட்டும் பிறந்த ஊரின் ஆலயப் பதிவேட்டில் ஞானஸ்நானத்தைத் தேடலாம். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்ததால் தந்தையின் தொழிலும் வசிப்பிடமும் தெரியும். அதற்கு முந்தையவை பாதிரியாரின் பொறுமையைப் பொறுத்தவை.

கேள்வி: எங்கள் மூதாதை 1820களில் பிறந்தவர். ஞானஸ்நானப் பதிவில் தாய் பெயர் மட்டுமே இருக்கிறது. தேடலை இத்துடன் நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். திருமணமாகாத பெண்ணின் குழந்தையைப் பராமரிக்கும் செலவு ஊரார் வரிப்பணத்தில் விழும் என்பதால், 1834க்கு முன்பு ஏழை நிவாரண மேற்பார்வையாளர்கள் தந்தை யாரென்று விசாரித்து, அவனிடம் பணம் வசூலிக்க ஆணையோ உறுதிப் பத்திரமோ பெற்றார்கள். அத்தாள்கள் எஞ்சியிருந்தால், கவுண்டி ஆவணக் காப்பகத்தில் இருக்கும். அங்கேயே ஊர்க்குடி உரிமை (settlement) விசாரணைத் தாள்களையும் கேளுங்கள். 1662 சட்டப்படி, உதவி கேட்டு வந்தவர் எந்த ஊரின் பொறுப்பு என்று முடிவு செய்ய எடுத்த வாக்குமூலங்கள் அவை. எங்கே பிறந்தேன், எந்தப் பண்ணையில் ஓராண்டு வேலை செய்தேன், கூலி எவ்வளவு என்று எழுதப்படிக்கத் தெரியாத ஒருவர் நீதிபதிகள் முன் சொன்னதை எழுத்தர் எழுதியிருப்பார். கீழே கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் குறி. ஏழைகளைப் பொறுத்தவரை ஆலயப் பதிவேட்டைவிட இந்தத் தாள்களே அதிகம் பேசுகின்றன என்பது என் கருத்து.

கேள்வி: இணையத்தில் ஒருவர் எங்கள் கூலிக் குடும்பத்தை 1066 வரை கொண்டுபோயிருக்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். ஆலயப் பதிவேடுகளை வைக்கும்படி உத்தரவு பிறந்ததே 1538இல்தான்.