கண் சிவப்பும் காலை இடுப்பு வலியும் – கடிதம்

அன்புள்ள சார்,

உங்களுக்கும் யுவைட்டிஸ் (கண்ணுக்குள் வரும் அழற்சி) உண்டு என்று ஒரு குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். எனக்கு வயது 32. இரண்டு வருடமாக இடது கண் அடிக்கடி சிவந்து வலிக்கிறது. முதல் தடவை மெட்ராஸ் ஐ என்றார்கள். அப்புறம் ஒரு டாக்டர் யுவைட்டிஸ் என்று சொல்லி ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்தார். நாலைந்து நாளில் சிவப்பு போய்விடும், நானும் நிறுத்திவிடுவேன். ஸ்டீராய்டு அதிகம் போட்டால் கண் கெட்டுவிடும் என்கிறார்களே! இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி வந்துவிடுகிறது. இப்போதெல்லாம் வீட்டில் இருக்கும் பாட்டிலையே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் பார்ப்பதால்தான் வருகிறது என்கிறார்கள் வீட்டில். காலையில் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது, அது உட்கார்ந்தே இருப்பதால், வேறு கதை. வேலையை விட்டுவிடலாமா? கண் போய்விடுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நான் டாக்டர் இல்லை. இந்த நோயோடு பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவன், அவ்வளவுதான். அந்த உரிமையில் சொல்கிறேன்: நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இடுப்பு வலிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி.

எழுந்ததும் பிடித்துக்கொண்டிருக்கும் இடுப்பு, நடமாட ஆரம்பித்ததும் இளகுகிறதா? அதிகாலையில் வலியே எழுப்பிவிடுகிறதா? வேலை அலுப்பில் வரும் வலி பெரும்பாலும் படுத்தால் தணியும். ஓய்வில் கூடி, நடந்தால் குறைகிற வலி, அதுவும் இளவயதில் தொடங்கி மாதக்கணக்கில் நீடித்தால், முதுகெலும்பு மூட்டுகளின் அழற்சியாக இருக்கலாம். ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் அந்த வகைதான். அதற்கும் எச்எல்ஏ-பி27 என்ற மரபுக்கூறுக்கும் உள்ள உறவை 1973இல் லண்டனிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. ஒரு கண்ணில் திடீரென்று வந்து, போய், திரும்ப வருகிற முன்பக்க யுவைட்டிஸுக்கும் அடிக்கடி பின்னணியில் இருப்பது அதே பி27. அது இருந்தும் எந்த நோயும் வராதவர்களே அதிகம் என்பதால், ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்தாலே பதற வேண்டியதில்லை.

கண் டாக்டர் இடுப்பைப் பற்றிக் கேட்க மறக்கலாம். எலும்பு டாக்டர் கண்ணைப் பற்றிக் கேட்க மறக்கலாம். இரண்டு பேரிடமும் இரண்டையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும். இடுப்புக்கு ஒரு ரூமட்டாலஜிஸ்டை, அதாவது மூட்டு அழற்சி நோய்களுக்கான டாக்டரைப் பாருங்கள். இதுதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டவும் வேண்டாம். காசநோய், சிபிலிஸ், பல உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் தோன்றும் சார்காய்டோசிஸ் என்று யுவைட்டிஸுக்குப் பின்னால் வேறு பலவும் ஒளிந்திருக்கும். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு அதையெல்லாம் தேடிப் பார்ப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான்.

சரி, சொட்டு மருந்துக்கு வருவோம். சிவப்பு போனதும் நிறுத்திவிடுகிறீர்கள். ஆனால் சிவப்பு என்பது வெளியே தெரிவது. டாக்டர் ஸ்லிட் லாம்ப்பில் உங்கள் தாடையை வைக்கச் சொல்லி, மெல்லிய ஒளிக்கீற்றைக் கண்ணுக்குள் சாய்வாக விடுகிறாரே, அவர் தேடுவது வேறு. கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் கருவிழிக்குப் பின்னால் தெளிந்த நீராக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையணுக்கள் மிதக்கும், ஜன்னல் வெயிலில் தூசி மிதப்பது போல. கண் வெளுத்த பிறகும் அவை அங்கே இருக்கலாம். அவற்றை எண்ணிப் பார்த்துத்தான் மருந்தைக் குறைப்பார்கள். மணிக்கு ஒரு சொட்டு என்று தொடங்கி, பல வாரங்களில் படிப்படியாக இறக்குவது வழக்கம்.

யுவைட்டிஸ் நிபுணர்கள் கூடி வகுத்து 2005இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. மருந்து இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் கண் அமைதியாக இருந்து, அதன் பிறகு வந்தால்தான் அது மீண்டும் வந்த நோய். அதற்கு முன்பே தலைகாட்டினால் அது நாள்பட்ட நோய். உங்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் வருகிறது என்றால், அநேகமாகப் பழைய தாக்குதலே இன்னும் முடியவில்லை. பாதியில் நிறுத்தி நிறுத்தி அதை நீங்களே வளர்த்துக்கொண்டிருக்கலாம்.

ஸ்டீராய்டு பயம் நியாயமானதுதான். கண் அழுத்தம் கூடலாம், புரை வரலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அழுத்தம் அளக்கிறார்கள். ஆனால் அடங்காத அழற்சியும் அதே புரையையும் அழுத்தத்தையும் கொண்டுவரும், கூடவே கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையான ஐரிஸைப் பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டவைத்துவிடும். ஒட்டிவிட்டால் கண்மணி வட்டமாக விரியாது, கோணல்மாணலாக நிற்கும். அப்படி ஒட்டாமல் இருக்கத்தான் கண்மணியை விரிக்கும் மருந்தையும் சேர்த்துத் தருவார்கள். எழுத்து மங்குகிறது என்று பலர் முதலில் கைவிடுவது அதைத்தான்.

பழைய பாட்டிலை மட்டும் இன்றைக்கே தூக்கிப் போடுங்கள். ஹெர்ப்பிஸ் வைரஸ் கருவிழியைத் தாக்கினாலும் கண் சிவக்கும். அதில் ஸ்டீராய்டு மட்டும் விழுந்தால் கருவிழியே புண்ணாகிவிடலாம். நன்றாகப் பழகிய டாக்டர் 'ஆரம்பித்ததும் போட்டுக்கொண்டு உடனே வாருங்கள்' என்று சொல்வது உண்டு. அது அவர் சொல்லி, நீங்கள் செய்வது. வெளிச்சத்துக்குக் கண் கூசுவதை மட்டும் கவனித்து வையுங்கள். எனக்கு நல்ல கண்ணில் டார்ச் அடித்தால்கூட நோயுற்ற கண் வலிக்கும். இரண்டு கண்மணிகளும் ஒன்றாகச் சுருங்குவதால் வரும் வலி அது. சாதாரண மெட்ராஸ் ஐயில் இப்படி இருக்காது.

சொட்டு மருந்தை நிறுத்தவே முடியவில்லை என்றால் மெத்தோட்ரெக்சேட், அடாலிமுமாப் போன்ற, உடலின் நோய் எதிர்ப்பு வேகத்தை அடக்கும் மருந்துகளைப் பற்றிப் பேச்சு வரும். பயந்து ஓடாதீர்கள், ஆனால் கேள்வி கேளுங்கள். மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள்தான், தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அடாலிமுமாபுக்கு முன் உடலில் காசநோய் பதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

வேலையை விட வேண்டாம். கம்ப்யூட்டரால் கண் காயும், எரியும், யுவைட்டிஸ் வராது. நோய் கிளம்பியிருக்கும் நாட்களில் மட்டும் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கண் போய்விடுமா என்றால், உங்களுடையது முன்பக்க யுவைட்டிஸ்தான் என்று உறுதியாகி, ஒரே டாக்டரிடம் தொடர்ந்து காட்டி, முழுதாக மருந்து போடுகிறவர்களில் பெரும்பாலோர் பார்வையோடுதான் இருக்கிறார்கள். புதிதாகக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, பார்வை மங்கினாலோ, வலியோடு வாந்தி வந்தாலோ, அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.